கையும் கத்தியும்: அறுவை மருத்துவத்தில் பெண்கள் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில், பெண்கள் சர்ஜிக்கல் வார்டில் சேர்த்திருந்தோம். பெண்கள் வார்டு என்பதால் ஆண்கள் உள்ளே தங்க முடியாது; வராந்தாவில்தான் நிற்க வேண்டும். இரண்டாம் நாள் காலை பச்சை உடையில் ஓர் இளம்பெண் கேஸ் ஷீட்டோடு வெளியே வந்தார். எழுந்துபோய், "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய குரலில், "நான்தான் சார் டாக்டர். உங்க அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன் நான்தான் பண்றேன்" என்றார்.

பத்து வருஷமாகப் பெண்ணியம் பற்றி எழுதியும் கூட்டங்களில் பேசியும் வருகிறவன் நான். என் வாயிலிருந்துதான் அந்தச் 'சிஸ்டர்' வந்தது. உள்ளே அம்மா இன்னும் ஒருபடி மேலே போய்விட்டாள்: "ஏங்கண்ணு, கத்தி புடிக்கிறதுக்குப் பெரிய டாக்டரு வருவாருல்ல?"

அன்றிரவு டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவரை மறுபடி வராந்தாவில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டதும் சிரித்தார். பேச்சுவாக்கில் சில விஷயங்களைச் சொன்னார். "படிக்கும்போது வகுப்புல பாதிக்கு மேல நாங்கதான் சார். சர்ஜரிக்கு வந்தவங்கள விரல்விட்டு எண்ணிடலாம். எம்.எஸ். பண்றேன்னு சொன்னா அடுத்த கேள்வி 'ஓ.ஜி.யா?'ங்கிறதுதான். ஜெனரல் சர்ஜரின்னா, 'ஏம்மா உனக்கு இந்த வேலை'ம்பாங்க. எங்க சாரே சொன்னாரு, கல்யாணம் ஆனா நீ ஓடிருவன்னு." கையைத் தூக்கிக் காட்டினார், சின்னக் கை. "ஆறு சைஸ் கிளவுஸ் பாதி நாள் ஸ்டாக் இருக்காது. ஏழு போட்டா விரல் நுனி தொளதொளன்னு நிக்கும். ஸ்டேப்ளரை ஒரு கையால அமுக்க முடியாம ரெண்டு கையால அமுக்கினா, 'பாத்தியா'ன்னு ஒரு பார்வை."

இந்தக் கட்டுரை அந்த வராந்தாவில் ஆரம்பித்தது.

*

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் எனக்கு முதலில் சிக்கியது ஒரு சொல்தான். மருத்துவன், மருத்துவச்சி. இலக்கணப்படி ஒன்றுக்கொன்று ஆண்பால், பெண்பால். ஆனால் மருத்துவன் என்றால் எல்லா நோய்க்கும் மருந்து சொல்கிறவன். மருத்துவச்சி என்றால் பிள்ளைப்பேறு பார்க்கிறவள் மட்டும். ஒரே வேர்ச்சொல் பால் விகுதி மாறியதும் ஒரே ஒரு அறைக்குள் சுருங்கிவிடுகிறது. அந்த அறை பிரசவ அறை. இன்று 'ஓ.ஜி.யா?' என்று கேட்கிறவர்கள் இந்தச் சொல்லின் பழைய பொருளைத்தான் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்குள் சாதியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்தாருக்கு 'மருத்துவர்' என்றே பெயர். கட்டி கீறுவது, புண் ஆற்றுவது, எலும்பு கட்டுவது அவர்களின் கைத்தொழில். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவர்கள். 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் குறித்த தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. ரத்தமும் சீழும் மயிரும் தொட வேண்டிய வேலை என்பதால் அது கீழே வைக்கப்பட்டது. ஏட்டில் இருக்கும் மருத்துவம் உயர்ந்தது, கையில் இருக்கும் மருத்துவம் தாழ்ந்தது. கத்தி தாழ்ந்த தொழிலாக இருந்த காலத்தில், அதைப் பிடித்த வீட்டின் ஆணும் பெண்ணும் சேர்ந்தே உழைத்தார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பதிற்றுப்பத்தில், போர்க்களத்துப் புண்ணை நீண்ட வெள்ளூசியால் தைத்த வடு பேசப்படுகிறது. ஊசி குளத்தில் பாய்ந்தெழும் சிரல் பறவைபோல உள்ளே போய் வெளியே வருகிறது. ஊசி இருக்கிறது, தைக்கப்பட்ட மார்பு இருக்கிறது, பறவைகூட இருக்கிறது. தைத்த கை யாருடையது என்பது மட்டும் இல்லை. வகுப்பில் இந்தப் பாட்டை நடத்திய எங்கள் ஆசிரியர் உவமை நயத்தை முக்கால் மணி நேரம் சொன்னார். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

நம் சிறுபத்திரிகைச் சூழலில் மருத்துவம் என்று ஆரம்பித்தால் உடனே ஃபூக்கோவும் 1963-இல் வந்த அவருடைய 'கிளினிக்கின் பிறப்பு' நூலும் வந்துவிடும். மருத்துவப் 'பார்வை' உடலை எப்படித் தன் பொருளாக்கிக்கொண்டது என்ற சொல்லாடல் தொடங்கிவிடும். பயனுள்ள சொல்லாடல்தான். ஆனால் அறுவை மருத்துவத்தைக் கண்ணை வைத்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது. 'சர்ஜரி' என்ற சொல்லுக்கே கிரேக்க மூலத்தில் 'கைவேலை' என்றுதான் பொருள். எந்தக் கை உள்ளே நுழையலாம், எது கூடாது என்ற விவகாரம்தான் அதன் வரலாறு.

*

ஐரோப்பாவிலும் கத்தி கீழே இருந்ததுதான். 1540-இல் லண்டனில் நாவிதர்களும் அறுவைக்காரர்களும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டார்கள். 1745-இல் பிரிந்தார்கள். 1800-இல் அறுவையாளர்களுக்கு அரச சாசனத்தோடு தனிக் கல்லூரி வந்தது. பிரிட்டனில் சர்ஜனை இன்றும் 'டாக்டர்' என்றழைக்காமல் 'மிஸ்டர்' என்றழைப்பது அந்தப் பழைய தாழ்வின் எச்சம். இப்போது அதுவே பெருமையாகிவிட்டது.

கத்திக்கு உண்மையான ஏற்றம் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில். 1846-இல் பாஸ்டனில் ஈதர் மயக்கம். 1867-இல் லிஸ்டரின் கிருமித்தடுப்பு முறை. அதுவரை கதறக் கதற வேகமாக வெட்டி முடிப்பதே திறமை. அதற்குப் பிறகு நிதானமாக, நுட்பமாக, வயிற்றுக்குள்ளும் போகலாம் என்றாகிவிட்டது. உடல் வலுவுக்கும் உரத்த குரலுக்கும் தேவை குறைந்து, விரல் நுட்பத்துக்கும் பொறுமைக்கும் தேவை கூடிய காலம் அது. வழக்கமாகப் 'பெண்மைக் குணம்' என்று நம் ஆட்கள் பட்டியலிடும் சமாச்சாரங்கள்! தர்க்கப்படி பார்த்தால் அப்போதுதான் பெண்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. கத்திக்குப் பணமும் மரியாதையும் சேர்ந்த அதே இருபது, முப்பது ஆண்டுகளில்தான் பெண்கள் மருத்துவக் கல்லூரிக் கதவைத் தட்டினார்கள். 1870 நவம்பர் 18 அன்று எடின்பரோவில் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவருடைய தோழியரும் உடற்கூற்றியல் தேர்வெழுத சர்ஜன்ஸ் ஹாலுக்கு வந்தபோது, மாணவர் கும்பல் கதவை அடைத்துச் சேற்றை வாரி இறைத்தது. தேர்வு நடந்துகொண்டிருந்தபோது ஒரு செம்மறியாட்டை அறைக்குள் தள்ளிவிட்டார்கள். அந்தப் பெண்களுக்குக் கடைசிவரை அங்கே பட்டம் கிடைக்கவில்லை. 2019-இல், எல்லோரும் செத்து மண்ணாகிப் பல காலமான பிறகு, பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது.

இத்தனைக்கும் அதே எடின்பரோவில் 1812-இல் படித்து முடித்த ஜேம்ஸ் பாரி பிரிட்டிஷ் ராணுவத்தில் சர்ஜனாகி மிக உயர்ந்த பதவிவரை போனவர். 1826-இல் கேப்டவுனில் வயிற்றைக் கீறி, தாயும் பிள்ளையும் பிழைக்கும்படி பிரசவம் பார்த்தவர். ஈதர் வருவதற்கு இருபது வருஷம் முன்னால்! 1865-இல் இறந்தபோது உடலைக் கழுவிய பெண்மணி சொன்னபிறகுதான், அது பெண்ணுடல் என்ற பேச்சு வெளியே வந்தது. பாரி தன்னை ஆணாகவே உணர்ந்து வாழ்ந்தவரா, தொழிலுக்காக ஆணுடை பூண்டவரா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அவர் தன்னை ஆண் என்றே சொல்லி வாழ்ந்ததால் அந்த விவாதத்தில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பெண்ணால் முடியாது என்று சொல்லப்பட்ட வேலையை அந்த உடல் ஐம்பது வருஷம் செய்தது. ஆணின் கை என்று நம்பியவரை யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

*

இனி சென்னைக்கு வருவோம். நம்மவர்கள் பெருமையாகச் சொல்லும் சேதி ஒன்றுண்டு. எடின்பரோவில் சேறு எறிந்த ஐந்தாவது வருஷமே, 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பிரிட்டனில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தர அனுமதித்த சட்டம் வந்ததே 1876-இல்தான். கல்கத்தாவில் இடம் கிடைக்காமல் அபலா தாஸ் (பின்னாளில் அபலா போஸ்) 1882-இல் இங்கே படிக்க வந்தார். 1878-இல் கிருபாபாய் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு ஒரே வருஷத்தில் விட வேண்டியதாயிற்று. 1887-88-இல் அவர் எழுதிய 'சகுணா' நாவலில் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பெண் வருவது அந்த அனுபவத்தின் தடம்தான். இப்படியொரு சென்னை இருந்தது உண்மை. ஆனால் ஏன் திறந்தார்கள்?

அந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப், சென்னையில் வக்கீல் தொழில் செய்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவி. கோஷாவுக்குள் இருக்கும் பெண்கள் ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்ட மறுத்துப் பிரசவத்தில் சாகிறார்கள் என்ற செய்திதான் அவரை உலுக்கியது. மருத்துவத் துறையின் தலைமையில் இருந்த எட்வர்டு பால்ஃபர் ஆதரவு தந்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஷார்லீப் 1878-இல் படிப்பை முடித்து, லண்டன் போய் 1882-இல் பட்டம் வாங்கித் திரும்பினார். 1885-இல் அவர் முன்னின்று தொடங்கிய மருத்துவமனைக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: 'சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான' ராயல் விக்டோரியா மருத்துவமனை. திருவல்லிக்கேணியில் அது இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆட்டோக்காரரிடம் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால் போதும்.

சாதியும் கோஷாவும் சேர்ந்து திறந்த கதவு இது. பெண்ணுக்கு மருத்துவம் படிக்கும் உரிமை உண்டு என்று யாரும் அங்கே ஒப்புக்கொள்ளவில்லை. உயர்குடிப் பெண்ணுடலை ஆண் கை தொடாமல் காப்பதற்கு இன்னொரு கை தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதே 1885-இல் தொடங்கிய டஃப்ரின் நிதியும் 'பெண்ணுக்குப் பெண்' என்ற இந்த வாதத்தைத்தான் அகில இந்தியத் திட்டமாக்கியது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டியதும், பாதிரியாரான டாக்டர் தந்தையின் கை வேண்டாம், மகள்தான் வரவேண்டும் என்றதும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனதும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தோற்றக் கதையாகவே ஆகிவிட்டது. அந்த மகள் ஐடா ஸ்கடர் 1899-இல் அமெரிக்காவில் மருத்துவம் முடித்துவந்து, 1918-இல் பெண்களுக்கென்றே வேலூரில் மருத்துவப் பள்ளி தொடங்கினார். அங்கே ஆண்கள் சேர்க்கப்பட்டது 1947-இல்தான்.

என் வாதம் இதுதான்: பெண்களை உள்ளே விட்ட காரணமே, அவர்களை ஓர் அறைக்குள் நிறுத்தி வைக்கும் சுவராகவும் ஆயிற்று. 'பெண் நோயாளிக்காக' என்று அனுமதிக்கப்பட்டவர் பெண் நோயாளியைத் தாண்டி ஏன் போகவேண்டும்? ஆணின் குடலையும் ஈரலையும் தொட அவருக்கு என்ன வேலை? ஆண் சர்ஜன் பெண்ணைத் திறக்கலாம், அது அறிவியல். பெண் சர்ஜன் ஆணைத் திறப்பதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். கோஷா போய்விட்டது, கோஷா வகுத்த துறைப் பிரிவு போகவில்லை. அம்மா படுத்திருந்த வார்டில் மகனான நான் வராந்தாவில் நிற்க, ஆண் சர்ஜன்கள் தாராளமாக உள்ளே போய்வர, ஒரு பெண் கத்தியோடு வந்ததும் நாங்கள் இருவருமே குழம்பிப்போனோம் அல்லவா, அது இந்தப் பிரிவின் பின்விளைவுதான்.

முத்துலட்சுமி ரெட்டி 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் தேறினார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். சமமாக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அவர் எஃப்.ஆர்.சி.எஸ்.; இவர் 1925-இல் லண்டன் போனது பெண்கள், குழந்தைகள் நோய்களைப் படிக்க. நல்ல மணவாழ்க்கைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே வீட்டுக்குள்ளேயே அந்தத் துறைப் பிரிவு எவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டது பாருங்கள். அவர் கனவு கண்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1955-இல் வந்து சேர்ந்து வாழ்நாள் முழுக்க உழைத்த டாக்டர் வி.சாந்தாவும் மேற்படிப்பு படித்தது மகப்பேறு மருத்துவம்தான்.

'ஹவுஸ் சர்ஜன்' என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் மருத்துவம் முடித்த எல்லோருமே ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன்தான். அந்த வருஷம் முடிந்ததும் ஆணுக்குச் 'சர்ஜன்' மிஞ்சுகிறது, பெண்ணுக்கு 'ஹவுஸ்' மிஞ்சுகிறது. எம்.பி.பி.எஸ். பட்டத்தின் கடைசி எழுத்தும் சர்ஜரிதான். அதைப் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகையில் மட்டுமே பயன்படுத்துகிறார்கள்.

மகப்பேறு மருத்துவமும் அறுவைதானே என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. நள்ளிரவில் ரத்தம் கொட்டும் ஒரு தாயின் வயிற்றைச் சில நிமிஷத்தில் திறந்து பிள்ளையை எடுக்கும் கையைவிட உறுதியான கை எது? கருப்பை அகற்றுவதும் கருத்தடை அறுவையும் கத்தியில்லாமல் நடப்பதில்லை. ஆனாலும் 'சர்ஜன்' என்றால் நம் மனதில் அவர் வருவதில்லை. பெண்கள் நிறைந்ததும் அந்தத் துறை அறுவை என்ற பெயரை இழந்து 'பிரசவம் பார்ப்பது' ஆகிவிட்டது. மருத்துவச்சிக்கு நேர்ந்ததும் இதுதான். 1914-இல் சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் பட்டம் பெற்றவர்களைத் தனியாக உயர்த்தி வைத்தது. 1926-இல் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்து, மருத்துவச்சியைச் செவிலியரோடு ஒரே பதிவேட்டில் சேர்த்தது. பரம்பரையாகக் கைப்பழக்கத்தில் கற்றவள் எந்தப் பக்கமும் இல்லாமல் போனாள். நம் வீட்டுக் கிழவிகளின் பேச்சில் 'கைராசி' என்ற ஒரு சொல் மட்டும் அவளுக்கு மிஞ்சியது.

*

'ஆர்வமில்லை, அதனால் வரவில்லை' என்பது எல்லாக் கல்லூரிகளிலும் சொல்லப்படும் பதில். ஆர்வம் எங்கிருந்து வருகிறது, எங்கே உலர்ந்து போகிறது என்று பார்க்க, அறுவைப் பயிற்சி என்ற அமைப்பு எப்படி உண்டானது என்பதைப் பார்க்க வேண்டும். இதற்காக ஒருதரம் அமெரிக்காவின் பால்டிமோர்வரை போகவேண்டியிருக்கிறது. நம் முதுகலைப் பயிற்சி முறைக்கும் அதுதான் பாட்டன் வீடு.

அங்கே 1889-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் 'ரெசிடென்ட்' முறையை உருவாக்கினார். சொல்லே சொல்கிறது: மருத்துவமனையிலேயே குடியிருப்பவர். இரவு பகல் அங்கேயே கிடக்க வேண்டும். திருமணம் எதிர்பார்க்கப்படவில்லை. கூம்புபோல மேலே போகப்போகச் சுருங்கிக் கடைசியில் ஒருவரே மிஞ்சுவார். ஹால்ஸ்டெட்டின் தலைமை ரெசிடென்ட்டுகள் 17 பேர். 17 பேரும் ஆண்கள். இந்த மாதிரி மனிதனைச் சற்றுக் கற்பனை செய்யுங்கள்: யாருக்கும் சோறு ஆக்கவேண்டாம், யாருடைய காய்ச்சலுக்கும் கண் விழிக்க வேண்டாம், அவன் துணியை யாரோ துவைக்கிறார்கள். வீட்டு வேலையின் சுவடே இல்லாத அந்த ஆணுடலைத்தான் 'நல்ல சர்ஜன்' என்ற அளவுகோலாக்கினார்கள். அந்த மனிதரே முதலில் கொக்கைனுக்கும் பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாக இருந்தவர் என்பது வேறு கதை. (இத்தனைக்கும் 1893-இல் தொடங்கிய அதன் மருத்துவக் கல்லூரிக்கு மேரி காரெட் என்ற பெண்மணி பெருந்தொகை கொடுத்தபோது வைத்த நிபந்தனையே, ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பதுதான். வகுப்பறையில் சமம், தியேட்டர் வாசலில் கூம்பு.)

அதே ஹால்ஸ்டெட்டிடம் இன்னொரு கதையும் இருக்கிறது. அவருடைய தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனின் கைகள், கிருமிநீக்கத்துக்கான பாதரச மருந்தால் வெந்துபோயின. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியில் சொல்லி, அவர் கைக்கென்று மெல்லிய கையுறை செய்வித்தார். 1890-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். அறுவைக் கையுறையின் வரலாறு இப்படிக் காதல் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. எனக்கு உறைத்தது வேறு. உலகெங்கும் சர்ஜன்கள் மாட்டிக்கொள்ளும் கையுறை ஒரு பெண்ணின் கை அளவுக்குச் செய்யப்பட்டதில் ஆரம்பித்தது. நூற்று முப்பது வருஷம் கழித்து ஒரு பெண் சர்ஜனுக்கு ஆறு சைஸ் ஸ்டாக் இல்லை.

குடியிருக்கச் சொன்னவர்கள் பெண் குடியிருக்க இடம் கட்டினார்களா என்பதும் கேட்கவேண்டியது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியில் இருந்த முதுகலை மாணவி ஓய்வெடுக்கப் போன இடம் கருத்தரங்கக் கூடம். அங்கேதான் அவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். அவர் அறுவைத் துறை மாணவி அல்ல, நெஞ்சக நோய்த் துறை. ஆனால் இரவுப் பணி நீளும் துறைகளில் முன்வரிசையில் நிற்பது அறுவை. எந்தத் துறையை எடுப்பது என்று யோசிக்கும் ஒரு பெண் இந்த இரவுகளையும் கணக்கில் வைத்துத்தான் யோசிக்கிறாள். அதை 'ஆர்வமின்மை' என்று பதிந்துகொள்கிறார்கள். கத்தி நடக்கும் அறைக்குள்ளேயே நடப்பதும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. 2023-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், பெண் அறுவையாளர்களில் மூன்றில் இருவர் கடந்த ஐந்து வருஷத்தில் சக ஊழியர்களின் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் பாலியல் தாக்குதலுக்கும் ஆளாகியிருந்தார்கள்.

மகப்பேறு விடுப்பு எடுத்தால் படிப்புக் காலம் நீள்கிறது. கூடப் படித்த ஆண் ஒரு படி மேலே போய்விடுகிறான். பிள்ளை பெறுவது பெண்ணின் சொந்த விஷயம், கத்தி பிடிப்பது பொது விஷயம் என்ற பிரிவினை இங்கே கச்சிதமாக வேலை செய்கிறது.

*

இதையெல்லாம் தாண்டி வந்தவர்கள் உண்டு. சென்னையில் டி.எஸ்.கனகா (1932–2018). 1954-இல் எம்.பி.பி.எஸ்., 1963-இல் பொது அறுவையில் எம்.எஸ்., 1968-இல் நரம்பறுவையில் எம்.சி.ஹெச். நடுவில் சீனப் போரின்போது ராணுவத்திலும் பணி. ஆசியாவின் முதல் பெண் நரம்பறுவை நிபுணர் என்று அவரைச் சொல்கிறார்கள். ஷார்லீப் சென்னைக் கல்லூரிக்குள் நுழைந்த வருஷத்திலிருந்து 93 வருஷம் ஆகியிருக்கிறது, ஒரு பெண் மண்டையோட்டுக்குள் கை வைக்க.

கனகாவைத் தெய்வமாக்கி மாலை போட்டுவிடுவது நமக்குச் சுலபம். ஆனால் பி.ராமமூர்த்தி, வி.பாலசுப்ரமணியம் ஆகியோருடன் அவர் சேர்ந்து செய்த வேலைகளில், அடங்காத நடத்தை உள்ளவர்கள் என்று கொண்டுவரப்பட்டவர்களின் மூளையில் சிறு பகுதியை அழித்துச் சாந்தப்படுத்தும் அறுவையும் உண்டு. அந்தக் காலத்தின் அறிவியல் அது. இன்று படிக்கும்போது உடம்பு கூசுகிறது. பெண் கைக்கு வந்ததால் கத்தி கருணையாகிவிடாது. நம் பெண்ணியத் தோழர்கள் சிலர் 'பெண் சர்ஜன் வந்தால் மருத்துவம் தாய்மையடையும்' என்று பேசும்போது எனக்கு உடன்பாடில்லை. தாய்மையின் பெயரால்தான் அவர்களைப் பிரசவ அறைக்குள் நூற்றைம்பது வருஷம் அடைத்து வைத்தார்கள். சமமாக வெட்டவும், சமமாகத் தவறவும், சமமாகப் பதில் சொல்லவும் உரிமை கேட்பதுதான் நேர்மையான கோரிக்கை.

வேலூரில் மேரி வர்கீஸ். கேரளத்துப் பெண். 1954-இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு உடைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அப்போது அங்கே பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையைச் செய்துகொண்டிருந்தார். கையை அறுக்க நிற்கத் தேவையில்லை, உட்கார்ந்தே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஊரார் தொட அஞ்சிய கைகளைத் திறந்து சரிசெய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து வேலூரில் அந்தத் துறையையே உருவாக்கினார். 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் இறந்தார். 'பொம்பளைங்களால எட்டு மணி நேரம் நிக்க முடியாது' என்று சொல்லும் பேராசிரியர்கள் இவரை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

பிரிட்டனில் 1991-இல் கன்சல்டன்ட் சர்ஜன்களில் பெண்கள் நூற்றுக்கு 3 பேர். முப்பது வருஷம் திட்டம் போட்டு ஊக்குவித்தும் 2020 வாக்கில் 13, 14 என்ற அளவைத்தான் எட்ட முடிந்தது. மருத்துவ வகுப்புகளில் பெண்கள் பாதியைத் தாண்டியதெல்லாம் அங்கே பழைய கதை. ஆக, வகுப்பில் எண்ணிக்கை கூடினால் தியேட்டரிலும் தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2017-இல் வந்தது. பெண் சர்ஜன்களிடம் அறுவை செய்துகொண்டவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் சற்றே குறைவு என்றது. இதை வைத்து ஆடவும் வேண்டாம். நம் ஊர் பாஷையில் சொன்னால், கைராசி கெட்டுப்போகவில்லை என்கிற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

*

அம்மாவின் ஆபரேஷன் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. வெளியே வந்த அந்தப் பெண் டாக்டர் பித்தப்பைக் கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார். கையுறையைக் கழற்றியிருந்தார், விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. "அம்மா நல்லாருக்காங்க. சாயங்காலம் தண்ணி குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு அத்தை பார்க்க வந்தார். அம்மா வயிற்றைக் காட்டி, "தழும்பே தெரியல பாரு. பெரிய டாக்டருதான் பண்ணாரு. ஒரு பொண்ணும் கூட நின்னுச்சு, தங்கமான பொண்ணு" என்றாள். நான், "அந்தப் பொண்ணுதாம்மா பண்ணிச்சு" என்றேன். அம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "நீ உள்ள இருந்து பாத்தியா?" என்றாள்.

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக் காட்டலாம் என்று தேடி எடுத்தேன். அதில் யூனிட் சீஃப் பெயர் அச்சாகியிருந்தது, ஆண் பெயர். கீழே யாரோ அவசரமாகப் போட்ட கையெழுத்து ஒன்று. எழுத்துக் கூட்டிப் பார்த்தும் வாசிக்க முடியவில்லை.